உத்தரவாதத்தை மறுக்க மட்டும் வெளியே வந்த தாள்: மலை வீட்டுக்கு வினைல் தரை போடுவோர் கவனத்துக்கு

மதுரையில் குடியிருந்துகொண்டு கொடைக்கானலில் சிறு வீடு வைத்திருப்பவர்கள், பழைய சிமெண்டுத் தரையின் மேல் வினைல் (பி.வி.சி. பிளாஸ்டிக்) பலகை போடுவது இப்போது அதிகமாகியிருக்கிறது. டைல்ஸைப் போலக் காலில் சில்லிடாது என்பது உண்மைதான். எங்களுக்கு அதை விற்ற மதுரைக் கடை ஒன்று நடந்துகொண்ட விதத்தை, அடுத்தவர் பணமாவது தப்பட்டும் என்று எழுதுகிறேன்.

கொட்டேஷனில் இருந்தது 5 மி.மீ. எஸ்.பி.சி. பலகை, அதாவது, சுண்ணாம்புக்கல் தூளும் பி.வி.சி.யும் சேர்த்து இறுக்கிய, பசையில்லாமல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வகை. வத்தலக்குண்டு வழியாக மலையேறி வந்து இறங்கியதோ 2 மி.மீ. தடிமனில், பசை தடவி ஒட்ட வேண்டிய வளையும் பலகை. போனில் கேட்டதற்கு, "குளிருக்கு ஒட்டுறதுதான் சார் நிக்கும், நான் பொறுப்பு" என்றார் கடைக்காரர். விலை வித்தியாசத்தைப் பில்லில் கழிப்பதாகச் சொன்னதையும் அவர் செய்யவில்லை.

அவர் பேச்சில் பாதி உண்மை இருந்ததுதான் ஆபத்து. அடியில் பசை நன்றாகப் பிடித்துவிட்டால், ஒட்டிய பலகை சூட்டிலும் குளிரிலும் அதிகம் நகராது. ஆனால் பசை பிடிப்பதற்கே தரை வெதுவெதுப்பாகவும் ஈரமின்றியும் இருக்க வேண்டும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், மார்கழி இரவில் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும் ஊரில், கணப்பு மூட்டாமல் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் அது தானாக அமையாது. கடையின் ஆட்களோ, மதுரைக் கிடங்கின் சூட்டிலிருந்து வந்த பெட்டிகளை இறக்கிய அன்று மாலையே பிரித்து ஒட்டத் தொடங்கினார்கள். "ஒரு ராத்திரி கெடக்கட்டுமே" என்று என் மாமா சொன்னதற்கு, மறுநாள் திருமங்கலத்தில் வேறு வேலை இருப்பதாக மேஸ்திரி பதில் சொன்னார்.

வினைல் குளிரில் சுருங்கும். தை பிறப்பதற்குள், பலகைகளின் குறுக்கு இணைப்புகளில் விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டது. கிழக்குக் கண்ணாடிச் சன்னலை ஒட்டிக் காலை வெயில் நேராக விழும் இடத்தில் ஓரங்கள் மேலே சுருண்டன. ஒரு பலகையை நெம்பித் தூக்கினேன். உலர்ந்தால் நிறமற்றுப் போக வேண்டிய அக்ரிலிக் பசை, அடியில் இன்னும் பால் வெள்ளையாகவே இருந்தது, விரலில் வழுக்கியது. சிமெண்டின் ஈரவாடையும் எழுந்தது. 'வாட்டர்ப்ரூஃப்' என்று சொல்லி விற்றது பலகைக்குப் பொருந்தும். கீழிருந்து ஏறும் ஈரத்தில் ஊறும் பசைக்குப் பொருந்தாது.

புகார் சொன்ன பிறகுதான் கடைக்காரர் தயாரிப்பாளரின் நிறுவல் குறிப்புத் தாளைப் புகைப்படமாக அனுப்பினார். ஒட்டுவதற்கு 48 மணி நேரம் முன்பே பலகைகளை அதே அறையில் வைக்க வேண்டும், அப்போதும் ஒட்டிய பின் 48 மணி நேரமும் அறை 18 முதல் 29 டிகிரிக்குள் இருக்க வேண்டும், தரையின் ஈரத்தைச் சோதிக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. இவற்றில் எதையும் செய்யாதவர்கள் அவருடைய ஆட்களே. ஆனாலும், அறையில் சூடு இல்லாதது எங்கள் குறை என்று அதே தாளைக் காட்டி உத்தரவாதத்தை மறுத்துவிட்டார்.

ஆகவே, முன்பணம் கொடுக்கும் முன்பே அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். 'பெட்டிக்குள் இருக்கும்' என்றால் வேறு கடை பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் நீர் கோத்திருந்தாலோ சிமெண்டு கறுத்திருந்தாலோ பசை வேலையே வேண்டாம். குளிரிலும் வெயிலிலும் ஓரளவு அசையாமல் நிற்பது எஸ்.பி.சி.தான், அதற்கும் சுவரோரம் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியை விட்டு, சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைக்க வேண்டும். எந்த வகையானாலும் பங்குனி, சித்திரையில் வேலையை வைத்துக்கொள்வது நல்லது. வந்த பலகையின் தடிமனைக் கொட்டேஷனோடு ஒப்பிட்டு, பெட்டி லேபிளைப் படம் எடுத்த பிறகே ஆட்களை உள்ளே விடுங்கள்.

கொட்டேஷன், பில், வாட்ஸ்அப் குரல்பதிவு ஆகியவற்றோடு மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீடு மலையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.