கொக்குவில் ஒழுங்கை மில்லும் டோர்ட்மண்ட் குசினியும்

யாழ்ப்பாணத்தில் கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதியால் வந்து கொக்குவில் பக்கம் உள்ளே திரும்புகிற ஒழுங்கை ஒன்றில் அந்த மில் இருக்கிறது. பெயர்ப்பலகையில் எழுத்து அழிந்துவிட்டது. ஒழுங்கை முகப்பிலேயே தும்மல் வந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஊர்ச்சனத்துக்குக் கறித்தூள் அரைக்கிற மில்தான். ஆனால் இப்போது அவர்களின் பாதி வியாபாரம் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளின் சூட்கேசை நம்பித்தான் ஓடுகிறது. வறுத்து, அரைத்து, பை பையாகச் சீல் பண்ணித் தருவார்கள்.

அங்கே அரைத்த தூளை ஒரு குளிர்காலம் முழுக்க ஜேர்மனியில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, இப்போது லீவில் வீட்டுக்கு வந்து நிற்கும்போது இதை எழுதுகிறேன். தூள் நல்லது, அதில் இரண்டாம் பேச்சு இல்லை. பொதி செய்வதில் கவனம் போதாது. சுங்கத்தைப் பற்றி அங்கே யாராவது ஆலோசனை சொன்னால் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டுவிடுங்கள். மொத்தத்தில் ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

முதலில் தூளைச் சொல்கிறேன். சாமானை அவர்களிடமே வாங்கலாம், நாங்கள் கொண்டுபோயும் கொடுக்கலாம். அம்மா இரண்டாவது கட்சி. பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் செத்தல் மிளகாய் வாங்கி, காம்பு நுள்ளி, முற்றத்தில் பாய் விரித்துக் காயவிட்டுத்தான் கொண்டுபோவார். எங்கள் வீட்டுக் கணக்கு, ஒரு கிலோ செத்தலுக்கு ஒரு கிலோ மல்லி, 200 கிராம் மிளகு, 200 கிராம் பெருஞ்சீரகம், 100 கிராம் நற்சீரகம், 50 கிராம் வெந்தயம், கொஞ்சம் மஞ்சள், இரண்டு கை கறிவேப்பிலை. வெந்தயத்தைப் பார்த்தவுடன் கல்லாவில் இருக்கிற ஐயா, "இது காணாது, நூறு போடுங்கோ" என்றார். அம்மா விடவில்லை. "கைக்கிற குழம்பை அங்கை தனிய இருந்து தின்னப்போறது என்ரை பிள்ளை, நீங்கள் இல்லை" என்று சொன்ன பிறகு அவர் வாய் திறக்கவில்லை. பிடிவாதமாக நில்லுங்கள், நீங்கள் சொல்கிற அளவுக்கே அரைத்துத் தருவார்கள்.

இந்த மில்லுக்குப் பேர் எடுத்துக் கொடுக்கிறவர் வறுக்கிற அக்காதான். பெரிய இரும்புத் தாச்சி, விறகு அடுப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் வறுப்பார். மல்லி வாசம் எழும்பியவுடன் இறக்குவார், மிளகு ஒன்றிரண்டு வெடிக்கத் தொடங்கினால் இறக்குவார், கறிவேப்பிலையைக் கையால் நொறுக்கிப் பார்ப்பார். கடைசியில் செத்தல். அதில் ஒன்றை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து உடைக்கிறார். மொறுக் என்று கேட்க வேண்டும். பிறகு உள்ளே இருக்கிற விதையின் நிறத்தைப் பார்க்கிறார். விதை பொன்னிறத்தைத் தாண்டினால் தூள் கறுக்கும், வாசம் போய்க் கைப்பு நிற்கும் என்றார். கண்ணிலே தண்ணீர் ஓடுகிறது, ஆனால் அகப்பை ஒரு நிமிடம் நிற்கவில்லை.

"எந்த நாட்டுக்குப் பிள்ளை?"

"ஜேர்மனிக்கு அக்கா."

"படிக்கவோ, கலியாணம் கட்டியோ?"

"படிக்க."

"அப்ப கொஞ்சம் இளவறுவலா எடுக்கிறன். அங்கத்தைக் கரண்ட் அடுப்பிலை நீங்கள் எப்பிடியும் கருக்கத்தான் போறியள்."

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. டோர்ட்மண்டில் மாணவர் விடுதியின் பொதுக் குசினியில் முதல் வெங்காயத்தைத் தாளித்தபோது விளங்கியது. அந்த அடுப்புத் தட்டுக்குச் சூடு ஏறவும் நேரம் எடுக்கும், இறங்கவும் நேரம் எடுக்கும். குமிழைத் திருப்பி நிறுத்தின பிறகும் சட்டி தன்பாட்டில் கொதித்துக்கொண்டிருக்கும். கேஸ் அடுப்புக்குப் பழகின கைக்கு அது பிடிபடவே ஒரு மாதம் ஆகும். அதுவரைக்கும் என்னுடைய கறிகளைக் காப்பாற்றினது அந்த இளவறுவல். முழு வறுவலாக இருந்திருந்தால் எண்ணெயில் போட்ட கணத்திலேயே கருகி, மேலே இருக்கிற புகை எச்சரிக்கைக் கருவி கத்தத் தொடங்கியிருக்கும். அது கத்தினால் மாடி முழுக்க எழும்பி வந்து எட்டிப் பார்க்கும்.

நான் கண்டுபிடித்த வழி, தூளை எண்ணெயில் போடவே கூடாது. வெங்காயம் வதங்கினவுடன் தண்ணீரை விட்டு, அதற்குள் தூளைக் கரைத்துக் கொதிக்கவிட வேண்டும். கடைசியில் ரின்னில் வருகிற தேங்காய்ப்பால். உருளைக்கிழங்குக் கறிக்கு 400 மில்லிலீற்றர் ரின்னில் பாதி காணும். மிச்சத்தை மற்ற நாள் பருப்புக்கு விடலாம். மைசூர்ப் பருப்பு துருக்கிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், கத்தரிக்காயும் அங்கேதான் நல்லது. கடுகு தாளிக்கிறதென்றால் மூடி கையில் இருக்க வேண்டும், ஜன்னல் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், வெளியில் பனி கொட்டினாலும் பரவாயில்லை. பக்கத்து அறைக் கொலம்பியாப் பிள்ளை ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் கடதாசித் துண்டு ஒட்டியிருந்தாள். தோய்த்துக் காயப்போட்ட உடுப்பில் கறிவாசம் பிடிக்கிறதாம், குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு சமைக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தாள். கேட்டது நியாயம். அதற்குப் பிறகு கதவைச் சாத்தித்தான் தாளிக்கிறேன். அவளுக்கு எங்கள் தூள் கடைசிவரைக்கும் பிடிக்கவில்லை.

வாரநாட்களில் மத்தியானம் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்தில் வயிறு நிறையும், நாக்குக்குத்தான் ஒன்றும் இருக்காது. ஞாயிறு இன்னொரு கதை. சுப்பர்மார்க்கெட் எல்லாம் பூட்டு, பெரிய ரயில் நிலையத்துக் கடையைத்தான் தேடிப் போக வேண்டும், அங்கே விலை கடிக்கும். சனிக்கிழமை சாமான் வாங்க மறந்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருப்பது ஒரு வெங்காயமும் இரண்டு முட்டையும் இந்தத் தூளும்தான். அது போதும், முட்டைக் குழம்பு வைக்கலாம்.

ஜேர்மனியில் தமிழ்க்கடை இல்லையா, இங்கிருந்து ஏன் தூக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இருக்கிறது. டோர்ட்மண்டிலேயே இருக்கிறது. பக்கத்து ஹாம் நகரத்தில் 2002 இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோவிலின் தேர்த்திருவிழாவுக்குப் போனால் நல்லூர் வீதியில் நிற்கிற மாதிரி இருக்கும். அந்த வட்டாரத்தில் எங்கள் சனத்துக்குக் குறைவில்லை. ஆனால் போய் இறங்கின முதல் கிழமைகளில் உங்களுக்கு அதெல்லாம் தெரியாது, தேடித் திரிய நேரமும் இருக்காது. வீட்டுக்குக் குடிபோய் இரண்டு கிழமைக்குள் நகரசபையில் முகவரி பதிய வேண்டும். அதற்கு நேரம் பதிவு செய்வதே பெரும்பாடு. அந்தப் பதிவுக் கடதாசியைப் பல இடத்தில் கேட்பார்கள். மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கணக்கு, விசா நீடிப்பு என்று வரிசையாக வேலை நிற்கும். இங்கே விசாவுக்காக, ஒரேயடியாக எடுக்க முடியாத முடக்கு கணக்கில் போட்டுவிட்டுப் போன 11,904 யூரோ உங்களுடைய காசுதான். என்றாலும் மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். அதில் அறை வாடகையும் காப்புறுதியும் போனால் வெளியில் வாங்கிச் சாப்பிடுகிற எண்ணமே வராது. அந்த முதல் செமெஸ்ரரைத் தாண்டுகிற அளவுக்குத் தூள் கையில் இருந்தால் காணும். ஒரு ஆளுக்கு ஒன்றரைக் கிலோ, கனக்கச் சமைக்கிற ஆள் என்றால் இரண்டு. மில்லில் ஒரு தாய் மகனுக்கென்று ஐந்து கிலோ அரைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பிள்ளை கடைசிக் கிலோவைத் திறக்கிறபோது அதில் நிறம் மட்டும்தான் இருக்கும்.

இனிக் குறைகள்.

அரைத்த தூள் சுடச்சுடத்தான் வெளியே வரும். அதைக் கடதாசியில் பரப்பி நன்றாக ஆறவிட்டுத்தான் பையில் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துக் கட்டி பிடிக்கும், பிறகு பூஞ்சணம். சனம் நிறைந்த நாளில் இவர்கள் அந்தப் பொறுமையை விட்டுவிடுகிறார்கள். சென்ற முறை என்னுடைய பை ஒன்று இளஞ்சூட்டிலேயே சீல் பண்ணப்பட்டிருந்தது. சீலும் ஒற்றைச் சீல். அது சூட்கேசுக்குள் வாய் திறந்து, அம்மம்மா பின்னித் தந்த சுவெற்றருக்குள் இறங்கிவிட்டது. மூன்று தரம் தோய்த்தும் மணம் போகவில்லை, அதைப் போட்டுக்கொண்டுதான் முதல் விரிவுரைக்குப் போனேன். ஆகவே நின்று பார்த்து, ஆறவிட்டு, இரட்டைச் சீல் போடச் சொல்லுங்கள். கேட்டால் செய்வார்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். 250 கிராம் பைகளாகக் கேளுங்கள். ஒன்றைத் திறந்து முடித்த பிறகு அடுத்தது. மிச்சம் உறைபெட்டியில் கிடக்கட்டும். விடுதியில் ஆளுக்கு ஒரு தட்டுத்தான் கிடைக்கும், கிலோப் பையை அங்கே திணிக்க ஏலாது. அப்படி வைத்த என்னுடைய கடைசிப் பை மார்ச் மாதத்திலும் வாசமாக இருந்தது.

இன்னொன்று, உங்களுக்கு முதல் ஆள் என்ன அரைத்தார் என்று பாருங்கள். தனிமிளகாய் அரைத்த மெசினில் உடனே உங்கள் சாமானைப் போட்டால் முதல் வருகிற அரைக்கிலோ அவருடைய உறைப்பு. இரண்டு பிடி அரிசி போட்டு ஒரு ஓட்டு ஓட்டச் சொன்னால் தீர்ந்தது. கோப்பிக்கு வேறு மெசின் இருக்கிறது, அந்தப் பயம் இல்லை. பையில் ஒட்டுகிற சீட்டு தமிழில் மட்டும் அடித்திருக்கும். ஆங்கிலத்தில் பெயரும் உள்ளே இருக்கிற சரக்கும் எழுதி நீங்களே ஒட்டுங்கள். சுங்கத்தில் பையைத் திறந்தால் சிவப்பாக ஒரு தூளைக் காட்டிக் கையால் விளங்கப்படுத்த வேண்டி வராது.

தூளோடு நிற்க மாட்டார்கள். ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா), வறுத்த அரிசிமா, மோர்மிளகாய், பனங்கட்டி, நெய், பச்சைக் கறிவேப்பிலை என்று மேசையில் பரப்பிவிடுவார்கள். "எல்லாம் கொண்டு போகலாம் பிள்ளை, ஒருத்தரும் பாக்கமாட்டினம்" என்பார் ஐயா. பார்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் பயணப்பையில் கொண்டுபோக முடியாது, நெய்யும் பால்மாவும் அதற்குள் அடக்கம். பச்சை இலை, காய், பழத்துக்கு 2019 டிசம்பர் 14 முதல் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், தூரியன் ஐந்துக்கும்தான் விலக்கு. கறிவேப்பிலை வறுபட்டுத் தூளுக்குள் போய்விட்டால் பிரச்சினை இல்லை, கட்டாகக் கொண்டுபோனால் குப்பைத்தொட்டிக்குத்தான். கருவாட்டுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, மீன்வகை 20 கிலோ வரைக்கும் விடுவார்கள். ஆனால் பொதுக் குசினியில் கருவாடு பொரிக்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

மேசையில் கிடக்கிறதில் மோர்மிளகாயை விட்டுவிடுங்கள், மோரில் ஊறினது என்பதால் அந்தப் பால் பொருள் விதியில் மாட்டலாம். பனங்கட்டி கொஞ்சம் வாங்குங்கள், தேத்தண்ணிக்கு. ஒடியல் மா வேண்டாம். கூழ் என்பது பத்துப் பேர் சுற்றியிருந்து குடிக்கிற சாமான், ஒரு ஆளுக்கு ஒரு கோப்பை காய்ச்ச அதற்கு மரியாதை இல்லை. அரிசிமா அங்கே ஆசியக் கடைகளில் பச்சையாகக் கிடைக்கும், வாங்கி வறுத்துக்கொள்ளலாம். கோதம்பை மாவும் அப்படித்தான், 405 என்று இலக்கம் போட்ட சாதாரண மாவைத் துணியில் கட்டி அவித்து அரித்தால் பிட்டுக்கு நன்றாக வருகிறது. பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டிதான் அங்கே கிடைக்காது. மில்லில் விற்பதில்லை, சந்தையில் வாங்கி அதற்குள் காலுறைகளை அடைத்துக் கொண்டுபோனேன்.

விலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. போனில் கேட்டால் அரைகூலியை மட்டும் சொல்வார்கள். வறுவல் கூலி வேறு, பையும் சீலும் வேறு. மூன்றையும் கூட்டி முதலே கேளுங்கள். கூட்டினாலும் மற்ற இடங்களைவிடக் கூட இல்லை, சொல்லாமல் விடுகிறதுதான் எரிச்சல்.

இந்த முறை நல்லூர்த் திருவிழா நேரம் போய் மாட்டிக்கொண்டேன். கனடா, லண்டன், சுவிஸ் என்று வந்த சனம் முழுக்க அங்கேதான், விடியக் கொடுத்தது பின்னேரம்தான் கைக்கு வந்தது. திருவிழா நடக்கிற இருபத்தைந்து நாளும் வீட்டில் சைவம் என்பதால் புதுத் தூளில் மீன்குழம்பு வைத்துப் பார்க்கவும் முடியவில்லை. கத்தரிக்காய்க் குழம்புக்கு நன்றாகப் பிடித்தது. ஒக்டோபர் செமெஸ்ரருக்கு வெளிக்கிடுகிறவர்கள் தீர்த்தம் முடிந்த அடுத்த கிழமை போங்கள், காலமை எட்டு மணிக்கு முதல். வறுக்கிற அக்கா மத்தியானத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு தாச்சியில் நிற்கிற தம்பி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்கிறவன்.