முன்புறமா, பின்புறமா: மலிவு பைசாந்தியக் காசுகளை அடையாளம் காணும் இரு வழிகள்

மொத்தமாகக் குறைந்த விலைக்கு வாங்கிய பைசாந்திய (கிழக்கு ரோமானியப் பேரரசின்) செப்புக்காசுகளைப் பிரிக்க உட்காரும் பெரும்பாலோர், பேரரசரின் உருவம் உள்ள முன்புறத்தைத்தான் முதலில் எழுத்துக் கூட்டிப் படிக்க முயல்கிறார்கள். நாணயப் பட்டியல்கள் அரசர் வரிசையில் அமைந்திருப்பதால் இது இயல்பே. ஆனால் தேய்ந்த காசுகளுக்குப் பின்புறத்திலிருந்து தொடங்குவதே சிறந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

முன்புறத்தில் பெயர் விளிம்பை ஒட்டி ஓடுவதால், அச்சு சற்று விலகினாலும் அது காசுக்கு வெளியே போய்விடுகிறது. முகத்தையும் நம்ப முடியாது. ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம்மை நேராகப் பார்க்கும் அந்த மார்பளவு உருவம் ஆளைக் காட்டுவதைவிடப் பதவியையே காட்டுகிறது. அந்தியோக்கியா நகரில் அடித்த பேரரசர் மொரீசின் காசுகளிலோ எழுத்துகளே குழம்பிக் கிடப்பதால், தேயாத காசில்கூடப் பெயரைப் படிக்க இயலாது.

பின்புறம் அப்படியல்ல. பேரரசர் அனஸ்தாசியஸ் 498-இல் செய்த நாணயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, காசின் மதிப்பு பெரிய கிரேக்க எழுத்தாக நடுவில் நிற்கிறது: ‘எம்’ (M) என்றால் 40 நும்மி (அன்றைய மிகச் சிறிய செப்புக்காசு அலகு), ‘கே’ (K) என்றால் 20, ‘ஐ’ (I) என்றால் 10, ‘இ’ (E) என்றால் 5. பேரரசர் ஜஸ்டினியன் தம் 12-ஆம் ஆட்சியாண்டில் (538/539) ஆண்டையும் பொறிக்கச் செய்தார். இடப்பக்கம் ‘அன்னோ’ என்ற சொல், வலப்பக்கம் ஆண்டு எண், அடியில் அக்கசாலையின் (காசு அடித்த கூடத்தின்) சுருக்கப் பெயர். ‘கான்’ என்பது கான்ஸ்டான்டிநோபிள், ‘நிக்’ என்பது நிக்கோமீடியா. அரியணையில் இருவர் அமர்ந்திருப்பது நிழலாகத் தெரிந்து, பின்புறத்தில் ஆண்டு ஆறு என்றும் இருந்தால், ஒரு எழுத்துகூடப் படிக்காமலேயே அது பேரரசர் இரண்டாம் ஜஸ்டினும் அவர் மனைவி சோபியாவும் 570/571-இல் வெளியிட்டது என்று எழுதிவிடலாம். ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ‘எக்ஸ்’ வரிசையாக நின்றால் முதலில் பேரரசர் போகஸை நினைக்க வேண்டும்.

பின்புற வழி தோற்கும் இடங்களும் உண்டு. 538-க்கு முந்தைய காசுகளில் ஆண்டு இல்லை. அனஸ்தாசியஸ், முதலாம் ஜஸ்டின், தொடக்கக்கால ஜஸ்டினியன் மூவரும் ஒரே மாதிரியான பக்கவாட்டு உருவத்தோடு வருவதால், அங்கே முன்புறப் பெயர் மட்டுமே வழக்கைத் தீர்க்கும். பெயர் அழிந்திருந்தால் ‘ஆறாம் நூற்றாண்டின் முற்பகுதி’ என்று குறித்து நிறுத்துவதே நேர்மை. பேரரசர் ஹெராக்ளியஸ் பழைய காசுகளின்மேல் மறுபடி அச்சடித்தவர். அவற்றில் இரண்டு ஆட்சிகளின் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதால் இருபுறத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் மாறிமாறிப் பார்க்க வேண்டியிருக்கும்.

பேரரசர் முதலாம் ஜான் (969–976) காலத்தில் தொடங்கி 1092 வரை வந்த பெயரில்லாச் செப்புக்காசுகளில் முன்புற வழிக்கு இடமே இல்லை. அரசர் இருக்க வேண்டிய இடத்தில் கிறிஸ்துவின் உருவமே இருக்கிறது. வகையைப் பெரும்பாலும் பின்புறமே சொல்கிறது. நான்கு வரி வாசகம் ‘ஏ’ வகை, படிகளின்மேல் நிற்கும் சிலுவை ‘பி’ வகை.

1092-க்குப் பின் வந்த கிண்ண வடிவக் காசுகளிலும் கிறிஸ்துவோ மரியாளோ குவிந்த முன்புறத்தில் இருக்க, பேரரசர் உட்குழிவான பின்புறத்தில்தான் நிற்கிறார். அவர் கையில் என்ன இருக்கிறது, அருகில் யார் நிற்கிறார் என்பதைக் கவனித்தால், அரைகுறையாக விழுந்த எழுத்துகளோடு மல்லுக்கட்ட வேண்டிய தேவை பெருமளவு குறையும்.