தினசரி ஆன்ம சோதனையா, எட்டு நாள் மௌன தியானமா?

"நான் யாரென்று எனக்கே தெரியவில்லை, தியானத்துக்குப் போகலாமா?" என்று கேட்பவர்களுக்காக இது. ஆன்ம சோதனை என்பது அன்றைய நாளைக் கடவுள் முன் திரும்பிப் பார்க்கும் சிறு செபம்; மௌன தியானம் என்பது பேச்சை விட்டு ஒதுங்கியிருந்து செபிப்பது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் எழுதத் தொடங்கிய ஆன்மிகப் பயிற்சிகளே இரண்டுக்கும் வேர்.

நேரம்: சோதனைக்கு இரவில் கால் மணி. தியானத்துக்கு எட்டு நாள் விடுப்பு. அந்தப் பயிற்சிகளின் முழு வடிவம் 30 நாள்.

செலவு: முன்னதற்கு ஒன்றுமில்லை. பின்னதற்குத் தங்குமிடமும் சாப்பாடும்.

ஆழம்: சோதனையில் கடவுளுக்கு நன்றி சொல்லி, தெளிவாகப் பார்க்க அவரிடம் ஒளி கேட்டு, அன்றைய பொழுதைத் திரும்பிப் பார்க்கிறோம். மதியம் மேலாளரிடம் சிரித்த சிரிப்பு எதற்காக என்பது அப்போது பிடிபடும். தியானத்தில் எனக்கு மூன்றாம் நாள் வரை தூக்கம்தான் வந்தது (வெட்கமாகத்தான் இருந்தது). அதன் பிறகு, செல்பேசியும் பேச்சும் இல்லாத அமைதியில், பிறர் மெச்சுவதற்காக நான் கட்டிவைத்திருந்த ஆள் மெல்லக் கழன்று விழுந்தான். தினமும் சந்திக்கும் வழிகாட்டி பெரிய துணை.

நிலைப்பு: தியானத்தின் சூடு வீடு திரும்பிய பத்தே நாளில் ஆறிவிட்டது. சோதனை பழக்கமாகிவிட்டது.

துறவறம், திருமணம், வேலை மாற்றம் என்று பெரிய முடிவு எதிரே நின்றால் தியானம். கைக்குழந்தை வைத்திருப்பவருக்குச் சோதனையே போதும். கடும் மனச்சோர்வில் இருப்பவர் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும், மௌனம் காத்திருக்கும்.