தேசிய ஆய்வகத்தில் போஸ்ட்டாக் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறார்கள்: காரைக்குடிப் பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை வட்டாரத்தில் பிஹெச்.டி. முடித்தவர்களுக்கும் முடிக்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அமெரிக்கத் தேசிய ஆய்வகங்களில் போஸ்ட்டாக் இடம், அதாவது பிஹெச்.டி. முடித்த பிறகு செய்யும் தற்காலிக ஆய்வுப் பணி, வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு கன்சல்டன்ஸியிடம் 2,30,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணம் போனது ஒரு பக்கம். என் பெயரிலும் என் கைடு (ஆய்வு வழிகாட்டி) பெயரிலும் அவர்கள் செய்து வைத்த காரியம் அதைவிட மோசமானது. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொண்டு முழுதும் படியுங்கள்.

என் துறை மின்வேதியியல். சோடியம் அயனி பேட்டரியின் ஆனோடுக்கு (எதிர்மின்முனைக்கு) ஹார்டு கார்பன் என்ற ஒரு வகைக் கரி தயாரிப்பதுதான் என் ஆய்வு. இந்தத் துறையில் இருப்பவர்களுக்குக் காரைக்குடி என்றாலே ஒரு மரியாதை உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இங்கேதான் இருக்கிறது. தேசிய ஆய்வகம் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எங்கோ டெல்லியில் இருக்கிற சமாச்சாரம் இல்லை, பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்க்கிற மதில்சுவர். அதனால்தானோ என்னவோ, படித்தால் அப்படி ஓர் இடத்தில் போய் உட்கார வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை.

அப்பா ஆத்தங்குடித் தரைக்கல் போடும் பட்டறையில் வேலை பார்க்கிறார். கண்ணாடி மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் ஊற்றிப் பூ எடுக்கிற வேலை. வீட்டில் முதல் பட்டதாரி நான். பிஹெச்.டி. வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்த அன்று அம்மா தெரு முழுக்கப் பால்கோவா கொடுத்தார். அதற்குப் பிறகு எட்டு மாதம் வேலை இல்லை. நானாக அனுப்பிய இருபது மெயிலில் பதினெட்டுக்குப் பதிலே வரவில்லை, இரண்டுக்கு ‘இப்போது நிதி இல்லை’ என்று வந்தது. அந்த நேரத்தில்தான் வாட்ஸ்அப் குழுவில் அந்த விளம்பரம் வந்தது.

அதில் இருந்த முகவரிக்குப் போனேன். கன்சல்டன்ஸி என்பது மாடியில் ஒரே அறை. சுவரில் அமெரிக்க வரைபடம், அதில் 17 சிவப்புப் புள்ளிகள். அமெரிக்க எரிசக்தித் துறையின் கீழ் 17 தேசிய ஆய்வகங்கள் இருப்பது உண்மைதான். அங்கே இருந்தவர் ஆர்கான், ஓக் ரிட்ஜ், பெர்க்லி என்று பெயர்களைச் சரியாகச் சொன்னார். சிகாகோ பக்கத்தில் இருக்கும் ஆர்கான் பேட்டரி ஆய்வுக்குப் பேர்போனது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. “17 லேப்லயும் நமக்கு ஆள் இருக்காங்க டாக்டர் மேடம். நீங்க தனியா மெயில் போட்டா குப்பைக்குத்தான் போகும். உள்ள இருந்து சொன்னாத்தான் எடுப்பாங்க” என்றார். என்னை டாக்டர் என்று அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. எட்டு மாதமாகப் பதில் வராத மெயில்களையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

முதலில் பதிவுக் கட்டணம் 25,000. இரண்டு மாதம் கழித்து, ஒரு ஆய்வகம் தேர்வு செய்துவிட்டது, இடத்தை உறுதி செய்ய 85,000 என்றார். அதற்கு அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. மூன்றாவதாக, வெளிநாட்டவர் என்பதால் பாதுகாப்புச் சோதனை உண்டு, திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை என்று 1,20,000. அதை அப்பா பட்டறை முதலாளியிடம் முன்பணமாக வாங்கினார். மூன்று தவணையும் மூன்று வெவ்வேறு ஆட்களின் ஜிபே எண்ணுக்குப் போனது. ரசீது கேட்டபோது, மொத்தமாகக் கடைசியில் தருகிறோம் என்றார்கள்.

நடுவில் ‘நேர்காணல்’ என்று ஒன்று நடந்தது. வாட்ஸ்அப்பில், எதிர்முனையில் கேமராவை அணைத்துவிட்டு, மொத்தம் 12 நிமிடம். பாஸ்போர்ட் இருக்கிறதா, கல்யாணம் ஆகிவிட்டதா, எப்போது கிளம்ப முடியும், குளிர் தாங்குமா. இவ்வளவுதான் கேள்வி.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கிறேன், நான் சொல்ல வந்ததே இதுதான். 2,30,000 ரூபாய் கைமாறிய அத்தனை பேச்சில், என் ஆய்வைப் பற்றி ஒரு கேள்வி கூட யாரும் கேட்கவில்லை. முதல் சுற்றில் எவ்வளவு கொள்ளளவு இழப்பு, எந்த எலக்ட்ரோலைட், எதைக் கரியாக்கினாய், எத்தனை டிகிரியில்? எதுவும் இல்லை. ஐந்து வருடம் அந்தக் கார்பனோடு குடித்தனம் நடத்தியவள் நான். உள்ளூர்க் கருத்தரங்கில் போஸ்டர் ஒட்டினால்கூட யாராவது வந்து இந்தக் கேள்விகளைக் கேட்டுக் குடைவார்கள். ஒரு தேசிய ஆய்வகத்தில் ஆள் எடுக்கிறவர் கேட்கவே இல்லை என்றால் அங்கே ஆளே இல்லை என்றுதானே அர்த்தம். அது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. கேட்காததை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு நியமனக் கடிதம் வந்தது. முத்திரை, கையெழுத்து, ஆண்டுச் சம்பளம் எல்லாம் இருந்தது. இப்போது எடுத்துப் பார்த்தால் கண்ணில் குத்துகிறது. எந்த விஞ்ஞானியின் கீழ் வேலை, எந்தக் குழு, எந்தத் திட்டம் என்று ஒரு வரி இல்லை. அனுப்பிய முகவரி ஆய்வகத்தின் பெயரைப் போலவே இருந்தது, ஆனால் முடிவில் டாட் காம். அந்த ஆய்வகங்களில் பெரும்பாலானவற்றின் மெயில் டாட் கவ் என்று முடியும். காசு கொடுத்து யாரும் வாங்க முடியாத பெயர் அது.

அந்தக் கடிதத்தை வீட்டுக்கார ஆச்சியிடம்தான் முதலில் காட்டினேன். பெரிய வீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருக்கிறோம், ஆச்சி முன்கட்டில் தனியாக இருக்கிறார். அவருடைய மாமனார் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர். ஆச்சி கடிதத்தைப் பார்க்கவே இல்லை. “அது அவுக எழுதினது. நீ கொடுத்த பணத்துக்கு என்ன எழுதிக் கொடுத்தாக?” என்றார். ஒன்றும் இல்லை என்றேன். “கடல் தாண்டிப் போனவுக வீட்டுல காலணாவுக்கும் பேரேட்டுல வரி இருக்கும் ஆத்தா. எழுத்து இல்லாமயா இம்புட்டுப் பணத்தைக் கொடுத்தே?” அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு வாரத்தில் கைடு மேடம் போன் செய்து, உடனே வா என்றார். குரலே சரியில்லை. போனேன். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். அமெரிக்காவில் ஒரு பேட்டரி விஞ்ஞானி மேடத்தின் பல்கலைக்கழக முகவரிக்கு எழுதியிருந்தார்: உங்கள் மாணவிக்காக நீங்கள் அனுப்பியதாக ஒரு பரிந்துரைக் கடிதம் வந்திருக்கிறது, வேறொரு ஜிமெயில் முகவரியிலிருந்து வந்ததால் சந்தேகம், இது நீங்கள் எழுதியதுதானா?

இணைப்பில் மேடத்தின் பெயர், பதவி, எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய கையெழுத்து. நான் தொட்டுக்கூடப் பார்க்காத லித்தியம் சல்ஃபர் பேட்டரியில் எனக்கு ஆறு வருட அனுபவமாம், 14 ஆய்வுக் கட்டுரைகளாம். என்னிடம் இருப்பது நான்கு.

“இது நான் எழுதினதாம்மா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நானே எழுதி அனுப்பிவிட்டேனோ என்று ஒரு கணம் அவர் கண்ணில் சந்தேகம் வந்தது பாருங்கள், அதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. ஐந்து வருடம் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவர். எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். கேட்டுவிட்டு, “முதல்லயே ஏன்டி எங்கிட்ட சொல்லலை?” என்றார். தண்ணீர் கொடுத்தார். அப்புறம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்த விஞ்ஞானிக்கு நடந்ததை அப்படியே எழுதினார். அவர் மறுநாளே நன்றி சொல்லிப் பதில் போட்டார். ஆனால் இதே கடிதம் இன்னும் எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. இந்தத் துறை சின்னது. பொய் எழுதியவள் என்று ஒரு குழுவில் பெயர் கெட்டால் அடுத்த குழுவுக்குத் தெரிய ரொம்ப நேரம் ஆகாது.

பதிவுக் கட்டணத்தோடு என் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் நகல், ஆய்வறிக்கையின் முழுக் கோப்பு எல்லாவற்றையும் நான்தான் கொடுத்தேன். ஆய்வறிக்கையின் முதல் பக்கங்களில் கைடு பெயர், கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கும். அங்கிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். வெளியாட்கள் யாருக்கும் ஆய்வறிக்கையை அந்தப் பக்கங்களோடு தராதீர்கள்.

சரி, உண்மையில் இது எப்படி நடக்கிறது? மேடமும், வெளியே போன இரண்டு சீனியர்களும் சொன்னதை எழுதுகிறேன். ஆய்வகத்தின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்தில் இடம் அறிவிப்பார்கள், விண்ணப்பிக்கக் காசு கிடையாது. அல்லது கட்டுரை படித்துப் பிடித்துப்போன விஞ்ஞானிக்கு நீங்களே எழுதலாம். முனைவர் பட்டம் வாங்கிச் சில ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும் என்று பல இடங்களில் வரம்பு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்று பேரின் பரிந்துரை கேட்பார்கள். அதை அந்த மூவரும் தாங்களே நேராக அனுப்புவார்கள், உங்கள் கைக்கோ இடைத்தரகர் கைக்கோ வராது. பிடித்திருந்தால் ஜூமில் ஒரு கருத்துரை கொடுக்கச் சொல்வார்கள், குழுவே உட்கார்ந்து கேள்வி கேட்கும். ஒரு சீனியரை ஒரே கிராஃபில் இருபது நிமிடம் நிறுத்தி வைத்தார்களாம்.

வெளிநாட்டவருக்கு உள்ளே நுழையத் தனி அனுமதி வேண்டும் என்பதும் நிஜம். அதை ஆய்வகமே பார்த்துக்கொள்ளும், நம்மிடம் வைப்புத்தொகை கேட்காது. ஆய்வாளர்கள் பலர் போகிற ஜே-1 விசா என்றால் டி.எஸ்-2019 என்ற படிவம் ஆய்வகத்திடமிருந்து வரும். நாம் கட்ட வேண்டியது அமெரிக்க அரசின் கட்டணங்கள்தான். நான் விசாரித்தபோது வெளிநாட்டு மாணவர், ஆய்வாளர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 220 டாலர், விசா விண்ணப்பம் 185 டாலர். இரண்டையும் அவர்களுடைய தளத்தில் நாமே கட்டிவிட்டு, பல்லவன் ரயில் பிடித்துச் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு நேர்காணலுக்குப் போக வேண்டியதுதான். இதில் எங்கேயும் காரைக்குடி மாடி அறைக்கு வேலை இல்லை.

இங்கேயே சிக்ரி மாதிரியான சி.எஸ்.ஐ.ஆர். (மத்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு) ஆய்வகங்களில் ரிசர்ச் அசோசியேட் இடங்களுக்கு அந்தந்த ஆய்வகத் தளத்தில் அறிவிப்பு வரும். 2023-இல் உயர்த்திய பிறகு முதல் நிலைக்கு மாதம் 58,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். கன்சல்டன்ஸிக்காரர் அதை “சின்ன வேலை” என்று சொல்லி என்னைப் போகவிடாமல் தடுத்தார். அவரை நம்பியிருந்த மாதங்களில் இரண்டு நேர்காணல்களுக்குப் போகாமல் விட்டேன். அந்த வருத்தம் தனி.

புகார் கொடுத்திருக்கிறேன். இணையப் பண மோசடிக்கான 1930 உதவி எண்ணுக்கு அழைத்தபோது, கடைசிப் பணம் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. பணம் போன சில மணி நேரத்தில் அழைத்தால் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம், எனக்கு அது கடந்துவிட்டது. காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். புகார் கொடுத்த பத்தாம் நாள் 25,000 மட்டும் ஜிபேயில் திரும்பி வந்தது, கூடவே “கேஸை முடிச்சுக்கலாம் மேடம்” என்று ஒரு செய்தி. முடிக்கவில்லை. விசாரணை நடப்பதால்தான் பெயரை இங்கே போடவில்லை. அறை இன்னும் திறந்துதான் இருக்கிறது, பலகையில் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. போன வாரம் அந்தப் படியில் கையில் ஃபைலோடு ஒரு பையன் ஏறிக்கொண்டிருந்தான். கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன், என்னை நம்பினானா என்று தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

இதே மாதிரி ஒரு மாடி அறையில் உங்கள் ஆய்வறிக்கையைக் கொடுத்திருந்தால், இன்றைக்கே உங்கள் கைடிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். திட்டுவார். பரவாயில்லை, வெளியிலிருந்து மெயில் வந்து அவர் தெரிந்துகொள்வதைவிட நீங்கள் சொல்லித் தெரிந்துகொள்வது நல்லது. என்னைத் தவிர இன்னும் மூன்று பேர் இதுவரை பேசியிருக்கிறார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை சிவகங்கைக்குச் சேர்ந்து போய் மாவட்டக் குற்றப்பிரிவில் ஒரே மனுவாகக் கொடுக்கப் போகிறோம். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வங்கிக் கணக்கு விவரம், அவர்கள் அனுப்பிய கடிதம் எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழரைக்குக் காரைக்குடி புதுப் பேருந்து நிலையத்தில் இருப்போம்.