எட்டுப் பேர், ஒரு பேழை: 'டூ பை டூ' இசைநாடகத்தை இன்று மேடையேற்றலாமா?

வேதாகமக் கதையை இசைநாடகமாகப் போட விரும்பும் குழுக்கள் பெரும்பாலும் யோசேப்பின் கதைக்கோ 'சில்ட்ரன் ஆஃப் ஈடன்' நாடகத்துக்கோதான் போகின்றன. முன்னதற்குப் பிள்ளைகள் பாடகர் குழு வேண்டும். பின்னதற்கு மேடை நிறையக் கோரஸ் வேண்டும். இரண்டும் கையில் இல்லை, ஆனால் பாடவும் நடிக்கவும் தெரிந்த எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்றால், யாரும் அதிகம் தொடாத ஒரு நாடகம் காத்திருக்கிறது: நோவாவின் பேழையைப் பற்றிய 'டூ பை டூ'. கோரஸ் கிடையாது, நடனக் குழு கிடையாது. நோவா, அவர் மனைவி, மூன்று மகன்கள், மூன்று பெண்கள். வேதத்தில் பேழையில் தப்பியவர்கள் எத்தனை பேரோ, மேடையிலும் அத்தனை பேர்தான்.

'சவுண்ட் ஆஃப் மியூசிக்'குக்கு இசையமைத்த ரிச்சர்ட் ரோட்ஜர்ஸின் கடைசிக்கால வேலைகளில் ஒன்று இது. பாடல் வரிகள் மார்ட்டின் சார்னின், வசனம் '1776' என்ற இசைநாடகத்துக்கும் எழுதிய பீட்டர் ஸ்டோன். கிளிஃபர்ட் ஓடெட்ஸ் 1954-இல் மேடையேற்றிய 'தி ஃபிளவரிங் பீச்' என்ற நாடகம்தான் மூலம். 1970 நவம்பர் 10 அன்று நியூயார்க்கின் இம்பீரியல் தியேட்டரில் தொடங்கி, 1971 செப்டம்பர் 11 அன்று முடிந்தது. அதன்பின் நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வேக்குத் திரும்பவில்லை.

ஏன் திரும்பவில்லை என்பதைப் புரிந்துகொள்ளாமல் இதை எடுத்தால் அதே பள்ளத்தில்தான் விழ வேண்டியிருக்கும். நோவாவாக நடித்தவர் டேனி கே. சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் கொடிகட்டிப் பறந்தவர். டிக்கெட் விற்றதே அவர் பெயருக்காகத்தான். ஓட்டத்தின் நடுவே காலில் தசைநார் கிழிந்தது. கட்டுப் போட்ட காலோடு, சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் மேடைக்குத் திரும்பியவர், வசனத்தை விட்டு விலகிச் சொந்தமாகப் பேசவும் சேட்டை செய்யவும் தொடங்கினார். மக்கள் ரசித்தார்கள். ஆனால் நாடகம் பின்னுக்குப் போனது. 'அந்த நடிகர் இல்லாமல் இது நிற்காது' என்ற பெயர் அப்போது ஒட்டியது, இன்னும் போகவில்லை. அச்சில் இருக்கும் பிரதியைப் படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. இது ஒரு நட்சத்திரத்தின் கச்சேரி அல்ல. அப்பாவும் பிள்ளைகளும் சண்டை போடும் குடும்ப நாடகம். அப்படிப் போட்டால் இன்றும் நிற்கும்.

அந்தச் சண்டையின் மையம் ஒரு சுக்கான். ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்தில் பேழையின் நீளம், அகலம், உயரம், ஜன்னல், பக்கத்தில் கதவு, மூன்று தட்டு என எல்லாம் இருக்கின்றன. சுக்கான் பற்றிப் பேச்சே இல்லை. கடைசி மகன் யாப்பேத் 'சுக்கான் இல்லாமல் கப்பல் எப்படி?' என்று கேட்கிறான். 'ஆண்டவர் சொல்லவில்லையே' என்கிறார் தகப்பன். நகைச்சுவைப் பாட்டாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அடியில் இருப்பது பெரிய கேள்வி: சொன்னதை மட்டும் செய்வதா, கொடுத்த அறிவையும் சேர்த்துப் பயன்படுத்துவதா? இதே யாப்பேத், உலகத்தையே அழிக்கும் தேவன் நீதியுள்ளவரா என்று கேட்டுப் பேழையில் ஏற மறுக்கிறான். இயக்குநர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, சுக்கான் பாட்டைச் சிரிப்புக்காக வேகமாக ஓட்டிவிடுவது. தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் உண்மையாகவே மாற்ற முயல வேண்டும். அந்த உரசல் இங்கே விழவில்லை என்றால், மகன் ஏற மறுப்பது பின்னால் வெறும் பிடிவாதமாகத் தெரியும்.

நடிகர் தேர்வில்தான் இந்த நாடகம் வெல்லும் அல்லது தோற்கும். நோவாவுக்குப் பெரிய பாடகர் வேண்டியதில்லை. ஆனால் பாட்டுச் சுமையில் பெரும்பங்கு அவர் மேல்தான் விழுகிறது. டேனி கே தொடங்கும்போது அவருக்கு வயது 59. 50-க்கும் 65-க்கும் இடையில், மூச்சு நிற்கும், முழங்கால் ஒத்துழைக்கும் ஒருவர் வேண்டும். நோவா 600 வயதுக் கிழவராகத் தொடங்கி, ஆண்டவர் அருளால் 90 வயதுக்காரராக மாறுகிறார். 'நைன்ட்டி அகெயின்' பாட்டில் அந்த உடல் துள்ள வேண்டும். 30 வயது இளைஞரைத் தாடி ஒட்டி நோவாவாக்கினால், கிழவர் பகுதி நடிப்பாகவும் துள்ளல் பகுதி இயல்பாகவும் தெரியும். உண்மையில் நேர்மாறாக அமைய வேண்டும்: பார்வையாளர்களை வியக்க வைப்பது துள்ளலாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் கோல்டி, யாப்பேத்துக்கு மனைவியாக்கப் பேழைக்குக் கொண்டுவரப்படும் பெண். முதலில் நடித்தவர் மேட்லின் கான். 'தி கோல்டன் ராம்' என்ற பாட்டு ஓபெராப் பயிற்சி பெற்ற உயர் சொப்ரானோ (பெண்களின் மிக உயர்ந்த குரல்வகை) குரலுக்காக எழுதப்பட்டது. பாட்டு சிரிக்க வைப்பதே அந்த உச்ச சுரங்கள் துல்லியமாக விழுவதால்தான். சுதி இறக்கிப் பாடினால் வேடிக்கையும் போகும், பாத்திரமும் போகும். இந்தக் குரல் கிடைக்காவிட்டால் நாடகத்தையே ஒத்திவைப்பது நல்லது. தேர்வை நோவாவில் தொடங்காமல் கோல்டியில் தொடங்க வேண்டும் என்பதே எங்கள் பரிந்துரை. யாப்பேத்துக்கு நீளமான வரிகளை இழைத்துப் பாடும் இளங்குரல் வேண்டும். 'ஐ டூ நாட் நோ எ டே ஐ டிட் நாட் லவ் யூ' இந்த நாடகத்தின் மிக அழகான மெட்டு. ரோட்ஜர்ஸின் கை தேயவே இல்லை என்பதற்கு இது ஒன்றே போதும். முதலில் அதைப் பாடிய வால்டர் வில்லிசன் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். மூத்த மகன் சேமும் அவன் மனைவி லேயாளும் நகைச்சுவைக்கு. பேச்சில் தாளம் தெரிந்தவர்கள் போதும்.

சபை மண்டபங்களில் போட நினைப்பவர்கள் இரண்டாம் பகுதியை முதலில் படித்துவிட வேண்டும். நடு மகன் காமின் மனைவி ராகேலை யாப்பேத் நேசிக்கிறான். காமின் மனமோ கோல்டியிடம். தண்ணீருக்கு நடுவே, அடைபட்ட பேழைக்குள், இந்த ஜோடிகள் மாறுவதுதான் கதையின் முடிச்சு. நோவா மறுக்கிறார், சாகும் தறுவாயில் அவர் மனைவி எஸ்தர் பிள்ளைகளுக்காக மன்றாடுகிறாள். வேதத்தில் மருமகள்களுக்குப் பெயர்கூட இல்லை. இதெல்லாம் நாடகத்தின் கற்பனை. ஒத்திகை ஆறு வாரம் ஓடிய பிறகு ஒரு மூப்பர் பிரதியைப் படித்து எதிர்ப்பதைவிட, ஒப்பந்தத்துக்கு முன்பே பொறுப்பாளர்கள் எல்லோரும் படித்து முடிவெடுப்பது மேல். அந்தப் பகுதியை வெட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அதை எடுத்தால் எஸ்தரின் சாவுக்கு அர்த்தமே இருக்காது. கோல்டியையும் லேயாளையும் பற்றிய சில பகடிகள் 1970-இலேயே நின்றுவிட்டவை. வரிகளை மாற்ற உரிமை இல்லாததால், அந்தப் பெண்கள் அடிபடாமல் எதிர்த்துப் பார்க்கும்படி நடிப்பிலேயே சரிசெய்ய வேண்டும்.

இனிப் பேழை. வேத அளவு 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். அதாவது ஏறத்தாழ 137 மீட்டர், 23 மீட்டர், 14 மீட்டர். எந்த மேடையும் இதன் நிழலைக்கூடத் தாங்காது. முழுக் கப்பல் கட்டுவதை விட்டுவிட்டு, விலா எலும்பு போன்ற வளைவுச் சட்டங்கள் நாலு ஜோடியும் ஒரு தளமும் கட்டினால் போதும். 8 அடிக்கு 4 அடி மேடைப் பலகை ஆறு சேர்த்தால் 24 அடிக்கு 8 அடித் தளம். இரண்டடி உயரம் வைத்தால் கீழே பொருள்களை ஒளிக்கவும் இடம் கிடைக்கும். சட்டங்களுக்கு 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை. நடிகர்களே பாட்டுக்கு நடுவில் பேழை கட்டுவதாக அமைத்தால் திருகாணியை மறந்துவிட வேண்டும்; இருட்டில், பாடிக்கொண்டே, யாரும் திருகாணி முடுக்க முடியாது. முள் உருவிப் போடும் கீல்களை முன்கூட்டியே பொருத்தி, ஒவ்வொரு முள்ளிலும் வெள்ளை நாடா சுற்றிவைத்தால் ஒரு சட்டம் சில நொடிகளில் நின்றுவிடும். பலகைகள் சேரும் இடத்தில் நுரை நாடா ஒட்டாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் தளம் முனகும். எஸ்தர் சாகும் காட்சியில் அந்தச் சத்தம் தாங்காது.

மழைக்கு உண்மையான தண்ணீர் வேண்டவே வேண்டாம். மழைச் சத்தத்தையும் ஒலிபெருக்கியில் தொடர்ந்து ஓடவிடக் கூடாது. மழையின் இரைச்சல் 'ஸ', 'ட', 'க' போன்ற மெய்யொலிகள் இருக்கும் மேல் அலைவரிசைகளையே மூடும். பாட்டு கேட்கும், சொல் கேட்காது. காட்சி தொடங்கும்போது முழுச் சத்தம், முதல் வசனத்துக்கு முன் பாதிக்கும் கீழே, பாட்டுக்கு முற்றிலும் நிறுத்தம் என்று பிரித்தால் சரி. மிருகங்களையும் மேடைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. எட்டு நடிகர்களின் பார்வையும் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே யானை நிற்கிறது என்று அரங்கம் நம்பும். அரங்கின் பின்சுவரில் மூன்று அடையாளங்கள் வைத்து, எந்த மிருகம் எந்த அடையாளத்தில் என்று முதல் ஒத்திகையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். பாடும் குட்டி விலங்கான கிட்காவுக்கு மட்டும் உள்ளங்கை அளவு பொம்மை ஒன்று போதும்.

நோவாவின் தாடி சின்ன விஷயம்போலத் தோன்றும். தாடி ஒட்டும் வழக்கமான பசையான ஸ்பிரிட் கம் வியர்வையில் விடும். அதிலும் மேலுதடுதான் முதலில் கிளம்பும். வலைத்துணியில் கட்டிய தாடி இரண்டு, ஒன்று தும்பை வெள்ளை, ஒன்று கருநரை, வியர்வை தாங்கும் மருத்துவப் பசை. வயது மாறும் இடத்தில் எத்தனை நொடி கிடைக்கிறது என்பதைப் பியானோவோடு கடிகாரம் வைத்து அளந்த பிறகே ஒப்பனையைத் தீர்மானிக்க வேண்டும். நேரம் போதாவிட்டால் தாடியை விட்டுவிட்டு முதுகின் கூனையும் கைத்தடியையும் வைத்தே மாற்றத்தைக் காட்டலாம். அதுதான் நம்பகமாகவும் இருக்கிறது.

ரோட்ஜர்ஸின் மெட்டுகளுக்கு வாத்திய இசைக்கோவை எடி சாட்டர் செய்தது. பிராட்வே வாத்தியக் குழுவுக்கானது. 200 இருக்கை மண்டபத்தில் பித்தளை வாத்தியங்கள் முழுதாக உட்கார்ந்தால் நோவா கத்த வேண்டிவரும். பியானோவோடு சுருக்கிக்கொள்ள அனுமதி உண்டா என்பதை உரிமம் கேட்கும்போதே கேட்டுவிட வேண்டும். பாட்டைக் கற்றுக்கொள்ளக் கொலம்பியா வெளியிட்ட மூல இசைத்தட்டைப் போட்டுக் கேட்பது எல்லோரும் செய்வதுதான். ஆனால் டேனி கேயின் இழுப்பும் நிறுத்தமும் அவருடையவை. நடிகர் முதலில் சுரக்குறிப்பிலிருந்து பாடிப் பழகி, இசைத்தட்டைக் கடைசியில் கேட்டால் நகல் நோவா உருவாகமாட்டார்.

உரிமம் இப்போது கன்கார்ட் தியேட்டிரிக்கல்ஸ் வசம். ரோட்ஜர்ஸ், ஹாமர்ஸ்டீன் நிறுவனத்தின் நாடகங்கள் அதன் வழியாகவே கிடைக்கின்றன. மண்டபத்தின் இருக்கை எண்ணிக்கை, டிக்கெட் விலை, காட்சித் தேதிகள் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் தொகை சொல்வார்கள். காட்சி உரிமை, பிரதி, சுரத்தாள் வாடகை ஆகியவை அதில் எப்படிச் சேர்கின்றன என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். பதிவு செய்வதும் இணையத்தில் ஒளிபரப்புவதும் தனி அனுமதி. வேறு மொழியில் போடுவதற்கும் அப்படியே. தமிழில் போட ஆசைப்படுபவர்கள் ஒரு பாட்டைக்கூட மொழிபெயர்க்கும் முன் எழுத்தில் அனுமதி பெற வேண்டும்.

பெரிய அரங்கு, இளைஞர் கூட்டம், ஆட்டபாட்டம் எதிர்பார்க்கும் பார்வையாளர்கள் என்றால் இது உங்களுக்கானது அல்ல. 1997-இல் நியூஜெர்சியின் பேப்பர் மில் அரங்கில் திருத்தப்பட்டு வந்த 'சில்ட்ரன் ஆஃப் ஈடன்' அதே நோவா கதையைப் பெருங்கூட்டத்தோடு சொல்கிறது. 150 முதல் 300 இருக்கை, நடுவயதைத் தாண்டிய நல்ல நடிகர்கள், வசனத்தைக் காது கொடுத்துக் கேட்கும் மக்கள் என்றால் தயங்காமல் எடுக்கலாம்.

கடைசிப் பாட்டான 'தி கவனென்ட்' (உடன்படிக்கை) பற்றி ஒன்று. வானவில்லைப் பின்திரையில் வரைவதே எல்லோரும் செய்வது. மேடை வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் அதன் நிறங்கள் வெளுத்துவிடும். நோவாவும் அதைப் பார்க்க அரங்குக்கு முதுகு காட்ட வேண்டியிருக்கும். வானவில்லை அரங்கின் பின்பக்கம், பார்வையாளர் தலைக்கு மேலே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்விளக்குகளில் நாலைந்து நிறம் மெல்ல ஏறி, மனைவியை இழந்து நிற்கும் அந்தக் கிழவரின் முகத்தில் மட்டும் விழட்டும்.