ஓடும்போதே நின்றுபோகும் அவுட்போர்டு மோட்டார்: பல வருட அனுபவத்தில் தெரிந்துகொண்டது

என்னிடம் இருப்பது கார்புரேட்டர் வைத்த சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் மோட்டார். பெட்ரோல் தனி டேங்கில் இருந்து ஹோஸ் வழியாக ஏறும். உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் இரண்டிலும் பல வருடமாக ஓட்டுகிறேன். பிஸ்டன், கியர் பக்கம் இதுவரை கை வைக்க வேண்டிய வேலையே வரவில்லை. அந்த வகையில் முழுத் திருப்தி. தொல்லை என்றால் ஒன்றுதான்: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நின்றுபோவது. ஒவ்வொரு தடவையும் கோளாறு எஞ்சினுக்குள் இல்லை. டேங்க், ஹோஸ், ஒயர் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருந்தது.

நின்றதும் மூடியைக் கழற்றி கார்புரேட்டரைப் பிரிக்கத் தோன்றும். வேண்டாம். முதலில் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, மோட்டார் எப்படி நின்றது என்று யோசித்துப் பாருங்கள். வேகம் குறைந்து, திணறி, ஒரு தடவை தூக்கிப் பிடித்து, பிறகு அணைந்ததா? அப்படியென்றால் பெட்ரோல் சரியாக வரவில்லை. யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி ஒரே நொடியில் நின்றதா? அது பெரும்பாலும் கரண்ட் கோளாறு. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும்.

பெட்ரோல் பக்கம் முதலில் பார்க்க வேண்டியது டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு. அது மூடியிருந்தால் பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும். புறப்படும்போது ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் நன்றாக ஓடிய பிறகுதான் மோட்டார் திணறும். மூடியை மெல்லத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். அதன் பிறகு பம்ப் பல்பை (ஹோஸின் நடுவில் இருக்கும், கையால் அழுத்திப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் குமிழ்) அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஓடும். சில பழைய டேங்குகளில் திருகு திறந்திருந்தாலும் துளைக்குள் உப்பும் தூசியும் அடைத்திருக்கும். அதையும் பாருங்கள்.

பம்ப் பல்பு நிறையவே சொல்லும். மோட்டார் நின்ற உடனே அதைக் கையில் எடுங்கள். சப்பிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தால் அடைப்பு டேங்க் பக்கம் இருக்கிறது: காற்றுத் திருகு, உறிஞ்சு குழாயின் வலை, அல்லது பல்புக்கு முந்தைய ஹோஸ். எவ்வளவு அழுத்தினாலும் இறுகாமல் தொளதொளவென்றே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, இல்லையென்றால் பல்பின் வால்வு போய்விட்டது. மோட்டார் திணறும்போது ஒருவர் பல்பை விடாமல் அழுத்த, அதனால் மோட்டார் தேறிக்கொண்டால், பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருக்கலாம், அல்லது வழியில் காற்று நுழையலாம். காற்று இழுக்கும் இடம் அநேகமாக மோட்டாரில் மாட்டும் கனெக்டருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம்தான். அது வெளியே சொட்டு பெட்ரோல்கூட விடாது, ஆனால் உள்ளே காற்றை இழுக்கும்.

என்னை அதிக நாள் அலைக்கழித்தது ஹோஸ். வெளியே பார்க்கப் புதிது போலவே இருந்தது. மாற்றிய பிறகு பழையதைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். உள் அடுக்கு உரிந்து, ஒரு இடத்தில் நாக்கு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாகப் போகும்போது பெட்ரோல் அதைத் தாண்டி வந்துவிடும். வேகம் கூட்டி உறிஞ்சல் அதிகமானதும் அந்த நாக்கு வழியை அடைத்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் இப்படிக் கெடுவது சகஜம். எத்தனாலுக்கென்றே செய்த ஹோஸ் வாங்குங்கள், காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

எத்தனால் இன்னொரு வேலையும் செய்யும், தண்ணீரை இழுக்கும். அளவுக்கு மேல் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். உறிஞ்சு குழாய் இருப்பதும் அங்கேதான். சந்தேகம் வந்தால் அடியில் இருக்கும் பெட்ரோலைக் கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து அசையாமல் வையுங்கள், அடியில் தனி அடுக்கு நின்றால் தெரிந்துவிடும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று போட்ட பிறகு எனக்கு இந்தத் தொல்லை வரவில்லை.

சரி, சட்டென்று நிற்கும் கதைக்கு வருவோம். முதலில் கில் சுவிட்ச் கிளிப், அதாவது ஓட்டுபவர் உடலோடு கயிற்றால் கட்டிக்கொள்ளும், கழன்றால் மோட்டாரை அணைக்கும் கிளிப். லேசாக நழுவினாலே மோட்டார் நின்றுவிடும், சுவிட்சுக்குள் உப்புப் பூத்தாலும் அதேதான். கரையில் படகைக் கட்டிவைத்து, கில் சுவிட்சின் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். தொல்லை போய்விட்டால் சுவிட்சுதான் குற்றவாளி. அப்போது சுவிட்சால் அணைக்க முடியாது, கார்புரேட்டருக்குப் போகும் காற்றை அடைக்கும் சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். சோதனை முடிந்ததும் ஒயரை மறக்காமல் மாட்டுங்கள். தண்ணீரில் தவறி விழுந்தால் உயிரைக் காப்பது அதுதான். பேட்டரியோடு இணைந்த மோட்டார் என்றால் டெர்மினல் நட்டு தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் மோட்டாருக்கு இது இன்னும் முக்கியம்.

கண்டுபிடிக்கக் கஷ்டமானது இக்னிஷன் காயில், அதாவது பிளக்குக்கு ஸ்பார்க் கரண்ட் தரும் சுருள். சூடு ஏறினால் ஸ்பார்க் போய்விடும், ஆறினால் திரும்பி வந்துவிடும். 'கொஞ்ச நேரம் விட்டால் ஓடுகிறது' என்று பலர் சொல்வது இதையும்தான், மூடிய காற்றுத் திருகையும்தான். வெற்றிடமும் மெல்ல மெல்லத் தளர்ந்துவிடுமே. அதனால் காத்திருக்காதீர்கள். நின்ற கையோடு டேங்க் மூடியைத் திறந்து, பல்பை அழுத்தி, ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஓடினால் காற்றுத் திருகு. ஓடாவிட்டால் சூடு ஆறுவதற்குள் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பாருங்கள். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் பிளக்கை வெளியே வைத்து ஸ்பார்க் பார்க்கக் கூடாது, மூடிய வகை டெஸ்டர்தான் வேண்டும். ஆறிய பிறகு மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், அவரைக் குறை சொல்லியும் பயனில்லை.

குளிர்விக்கும் தண்ணீர் பின்னால் பீய்ச்சி அடிக்கிறதா என்று ஓட்டும்போதே திரும்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். தாரை மெலிந்தால் வேகத்தைக் குறைத்து உடனே அணையுங்கள். ஒன்று துளையில் அடைப்பு, இல்லையென்றால் தண்ணீரை ஏற்றும் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கும்.

இப்போது படகில் எப்போதும் இருப்பவை: பல்போடு சேர்ந்த முழு ஹோஸ் ஒன்று, கனெக்டர் வளையங்கள், கில் சுவிட்ச் கிளிப், ஸ்பார்க் பிளக், பிளக் ஸ்பேனர், டெஸ்டர், அப்புறம் துடுப்பு. ஹோஸை முழுதாக வைத்திருப்பதில் ஒரு வசதி உண்டு. தண்ணீரில் நின்றபடி எந்த இடத்தில் கோளாறு என்று தேட வேண்டாம். அப்படியே கழற்றி மாட்டிவிட்டுக் கரைக்கு வந்து, பழையதை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.