ஒரு பருவம் ஒஹாயோவில்: பரிமாற்ற மாணவர் திட்டம் பற்றி ஒரு மதிப்பீடு

கடலூரிலிருந்து நாள்தோறும் பேருந்தேறிப் புதுச்சேரிக்குப் போய் இளநிலைப் புவி அறிவியல் படித்தவள் நான். 2024 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையிலான ஐந்தாம் பருவத்தை மட்டும் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பரிமாற்ற மாணவியாகப் படித்துவிட்டுத் திரும்பினேன். புறப்படுவதற்கு முன் தமிழில் தேடியபோது கிடைத்த குறிப்புகள் எல்லாம் இரண்டாண்டு, நான்காண்டுப் பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்கானவையாக இருந்தன. ஒரே பருவம் போய் வருகிறவருக்கு அவற்றில் பாதி பொருந்தாது. ஆகவே பணம் கொடுத்து வாங்கிய எந்தச் சேவையையும் போலவே இதையும் மதிப்பிட்டு எழுதுகிறேன். வகுப்பறைக்கு ஐந்துக்கு ஐந்து தருவேன், தங்கும் ஏற்பாட்டுக்கு இரண்டரை. ஆனால் போட்ட பணத்துக்குப் பயன் கிடைக்குமா என்பதை இவை இரண்டும் தீர்மானிப்பதில்லை. புறப்படும் முன் நம் துறை அலுவலகத்தில் வாங்கவேண்டிய ஒரு தாள்தான் தீர்மானிக்கிறது.

புதுச்சேரியில் வெளிநாட்டுப் படிப்பு என்று பேச்செடுத்தால் அது பிரான்சில்தான் போய் முடியும். பிரெஞ்சுத் துணைத் தூதரகம் கடற்கரையோரமே இருப்பதால் அந்த வழி பல குடும்பங்களுக்குப் பழகிய வழி. அமெரிக்கா என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போயாக வேண்டும் என்பதாலோ என்னவோ, இடையில் ஆலோசனை நிலையங்கள் புகுந்துகொள்கின்றன. நானும் அப்படி ஒன்றுக்கு அப்பாவுடன் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ஒரு மணி நேரப் பேச்சில் ‘பரிமாற்ற மாணவர்’ என்பதையும் ‘வருகை மாணவர்’ என்பதையும் அவர் பிரித்தே சொல்லவில்லை. உண்மையில் செலவு முழுவதும் அந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது. இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஒப்பந்தம் இருந்து நாம் பரிமாற்றத்தில் போனால், வழக்கமாகக் கல்விக் கட்டணத்தை நம் கல்லூரியிலேயே கட்டுகிறோம், அங்கே அது தள்ளுபடியாகிறது. வருகை மாணவராகப் போனாலோ, அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கட்டணத்தை நாமே டாலரில் கட்ட வேண்டும். அந்த நிலையம் எனக்குக் காட்டியது இரண்டாவது வழியை, அதற்கு மேல் தன் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து. எங்கள் கல்லூரிக்கே ஒப்பந்தம் இருக்கிறது என்பதை ஒரு வாரம் கழித்துத் துறை அறிவிப்புப் பலகையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சென்னையில் அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளையின் ‘எஜுகேஷன் யூ.எஸ்.ஏ.’ மையம் இருக்கிறது. பொதுவான தகவல்களைக் கட்டணம் வாங்காமலே சொல்லும் அந்த இடத்தை விட்டுவிட்டு முதலில் ஆலோசனை நிலையத்துக்கு ஓடியது எங்கள் தவறு.

பரிமாற்ற மாணவருக்கு வழங்கப்படுவது ஜே-1 விசா. பட்டப்படிப்புக்குப் போகிறவர்கள் வாங்குவது எஃப்-1. அழைக்கும் பல்கலைக்கழகம் டி.எஸ்.-2019 என்ற படிவத்தை அனுப்பும். அது வந்த பிறகு நான் கட்டியது, வெளிநாட்டு மாணவர்களைப் பதிந்து வைக்கும் அமெரிக்க அரசின் ‘செவிஸ்’ பதிவேட்டுக்கான கட்டணம் 220 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். அன்றைய மதிப்பில் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 34,000 ரூபாய். கைரேகைக்கு ஒரு நாள், அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு மறுநாள் என இரண்டு நாள் சென்னையில் இருக்க வேண்டியிருந்தது. நேர்காணல் மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. நான் போனபோது இல்லாத ஒரு நிபந்தனை 2025 ஜூனில் வந்திருக்கிறது: எஃப், எம் (தொழிற்பயிற்சிக்கானது), ஜே விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் இரண்டாண்டுகள் தாய்நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற பழைய நிபந்தனையைச் சொல்லிப் பலர் பயமுறுத்துவார்கள். அந்நிபந்தனைக்கான அடிப்படைகளில் ஒன்று, எந்த நாட்டுக்கு எந்தத் துறைத் திறன் தேவை என்று அமெரிக்கா வைத்திருக்கும் பட்டியல்; அதிலிருந்து இந்தியா 2024 டிசம்பரில் நீக்கப்பட்டது. ஆனாலும் அரசு உதவித்தொகையில் போகிறவர்களுக்கு அது இன்னும் பொருந்தக்கூடும் என்பதால் விசாவில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

விசாவைவிட என்னை அலைக்கழித்தது தடுப்பூசி. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசி இரண்டு தவணை போட்டதற்குச் சான்று கேட்டார்கள். சிறுவயதில் கடலூர் அரசு மருத்துவமனையில் எனக்குப் போட்டது தட்டம்மை ஊசி மட்டுமே; அட்டையில் மற்ற இரண்டும் இல்லை. இரு தவணைகளுக்கு இடையே குறைந்தது 28 நாள் இருக்க வேண்டும் என்பதால், ஜூன் மாதமே தொடங்காதிருந்தால் நான் மாட்டியிருப்பேன். காசநோய்ப் பரிசோதனை இன்னொரு சிக்கல். நம் எல்லாருடைய இடது புயத்திலும் பி.சி.ஜி. தழும்பு இருக்கிறது, அந்த ஊசி போட்டவர்களுக்குத் தோல் பரிசோதனையில் நோய் இல்லாமலே இருப்பதுபோல் காட்ட வாய்ப்புண்டு. ஆகவே ‘இக்ரா’ எனப்படும் இரத்தப் பரிசோதனையைக் கேட்டு எடுத்துக்கொள்வது நல்லது.

இனி வகுப்பறை. முழுநேர இளநிலை மாணவர் என்ற கணக்குக்கு 12 கிரெடிட் எடுக்க வேண்டும்; நான் நீரியல், ஜி.ஐ.எஸ். (புவியியல் தகவல் முறைமை), புள்ளியியல், அமெரிக்க வரலாறு என நான்கு பாடம் எடுத்தேன். நான்குதானா என்று முதலில் அலட்சியமாக நினைத்தேன். முதல் நாளே ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு ‘சிலபஸ்’ கொடுத்தார்கள். நம்மூரில் அந்தச் சொல்லுக்குப் பாடப் பகுதிகளின் பட்டியல் என்று பொருள். அங்கே அது ஏறத்தாழ ஒப்பந்தப் பத்திரம். எந்தத் தேதியில் எந்த ஒப்படைப்பு, அதற்கு எத்தனை விழுக்காடு, ஒரு நாள் தாமதித்தால் எவ்வளவு குறையும் என்பதெல்லாம் அதில் இருக்கும், அதன்படியே நடக்கும். கடைசி மூன்று வாரம் விழுந்து விழுந்து படித்துக் கரையேறும் நம் வழக்கம் அங்கே செல்லாது, ஏனெனில் நீரியலில் இறுதித் தேர்வுக்கு 25 விழுக்காடுதான். மீதி முழுவதும் வாராவாரம் சேர்வது.

நான் முழு மதிப்பெண் தரக் காரணம் ‘ஆஃபீஸ் அவர்ஸ்’ என்ற ஏற்பாடு. வாரத்தில் குறித்த இரண்டு மூன்று மணி நேரம் பேராசிரியர் தம் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எந்த மாணவரும் எந்தச் சந்தேகத்தோடும் போகலாம். முதல் மாதம் நான் போகவே இல்லை. ஆசிரியர் அறைக்குப் போவது என்றாலே ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்ற உணர்வு நமக்கு ஊறிப்போனது. இடைத்தேர்வில் ஒரு கணக்கு தவறிய பிறகுதான் போனேன். நீரியல் பேராசிரியர் விடையைச் சொல்லாமல், வெள்ளைப் பலகையில் ஓர் ஆற்றை வரைந்து, மேலே பெய்த மழை கீழே வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்று என்னையே கேட்டுக்கொண்டு போனார். நாற்பது நிமிடத்தில் நான் வரைந்து முடித்தது தென்பெண்ணையின் படம். தம்மைப் பெயர் சொல்லியே அழைக்கலாம் என்று அவர் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்; எனக்குக் கடைசிவரை ‘புரொஃபசர்’ என்றுதான் வாயில் வந்தது.

தங்கும் ஏற்பாடு இந்தச் சேவையின் பலவீனமான பகுதி. அறைக்கும் உணவுத் திட்டத்துக்குமாகச் சேர்த்து நான் கட்டியது 6,400 டாலர், அதாவது ஐந்து லட்ச ரூபாய்க்கு மேல். கல்விக் கட்டணம் இல்லை என்று மகிழ்ந்து போகிறவர்கள் இந்தத் தொகையை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். உணவுக்கூடத்தில் அளவுக்குக் குறைவில்லை. சோறும் இருந்தது, ஆனால் அதன்மேல் ஊற்ற ஒன்றும் இல்லை. பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகத் தடை இருக்கிறது, எலுமிச்சை வகைப் பயிர்களைத் தாக்கும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால். அம்மா அதைக் காயவைத்து இடித்துப் பருப்புப் பொடியில் கலந்து கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு கிலோ பொடிதான் அக்டோபர்வரை என்னைக் காப்பாற்றியது.

விடுமுறையில் விடுதியைப் பூட்டிவிடுவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள், நான் படிக்கவில்லை. நவம்பர் நான்காம் வியாழன் அவர்களுடைய நன்றியறிதல் திருநாள். புதன் மாலை முதல் ஞாயிறுவரை விடுதி மூடல். வீட்டுக்குப் போக முடியாத வெளிநாட்டு மாணவர் எங்கே போவார் என்பதைப் பணம் வாங்கிய நிர்வாகம் யோசித்ததாகத் தெரியவில்லை. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருந்த ஓர் அம்மையார் உள்ளூர்க் குடும்பம் ஒன்றில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். அது அவருடைய நல்ல மனம், திட்டத்தின் பகுதி அல்ல. அந்தச் சனிக்கிழமை, 30ஆம் தேதி, அங்கே நண்பகல், இங்கே இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்துகொண்டிருந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. முன்பின் அறியாத ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வான்கோழியைப் பார்த்தபடி, மணி அடித்துக்கொண்டே இருந்து எடுக்கப்படாத தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் கழித்து, சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிக் கடலூருக்குள் வந்தபோதுதான் அம்மாவிடம் பேச முடிந்தது. “தெரு முனைவரைக்கும் தண்ணி வந்துடுச்சு, நீ பரீட்சையைப் பாரு” என்று மட்டும் சொன்னார்கள்.

காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜே-1 விதிப்படி ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் காப்பு வேண்டும். பல்கலைக்கழகத்தின் திட்டத்தையே எடுத்தேன், விலை அதிகம், தேவைப்படவில்லை. வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்வரை அனுமதி பெற்று வேலை செய்யலாம் என்றாலும், அதற்கான சமூகப் பாதுகாப்பு எண் வந்து சேருவதற்குள் பாதிப் பருவம் ஓடிவிடும். அந்த வருமானத்தை நம்பிப் போக வேண்டாம்.

கடைசியாக, தொடக்கத்தில் சொன்ன அந்தத் தாள். அங்கே படிக்கும் ஒவ்வொரு பாடமும் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதைப் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கித் துறைத் தலைவரின் கையொப்பமும் தேர்வுப் பிரிவின் முத்திரையும் பெற வேண்டும். நீரியலுக்கும் ஜி.ஐ.எஸ்.ஸுக்கும் அப்படி வாங்கினேன், அமெரிக்க வரலாற்றை விருப்பப் பாடமாக எழுதிக்கொண்டார்கள். புள்ளியியல் நான் முதலில் பதிந்த பாடம் அல்ல. முதல் வாரத்தில் பாடம் மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு என்பதால், நேரம் மோதிய வேறொன்றை விட்டுவிட்டு அதை எடுத்தேன். துறையைத் தொலைபேசியில் கேட்டபோது “அதெல்லாம் பாத்துக்கலாம்” என்றார்கள். திரும்பி வந்து மதிப்பெண் பட்டியலைக் கொடுத்தபோது, நம் பாடத்திட்டத்தின் ஐந்து அலகுகளில் மூன்றுதான் அதில் இருக்கின்றன என்று சொல்லி நிராகரித்துவிட்டார்கள். சொன்னவர்மீதும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, தொலைபேசியில் சொன்னதற்கு ஏது முத்திரை? ஒரு மின்னஞ்சலாவது நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பாடத்தில் ஒஹாயோவில் எனக்குக் கிடைத்தது ஏ. அதே புள்ளியியலை அரியராக வரும் நவம்பரில் புதுச்சேரியில் எழுதுகிறேன். தேர்வுக் கட்டணம் கட்டியாகிவிட்டது.